நாலாவது கட்டம்

'தீர்க்கப்பட்டது' என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. கணினித் திரையில் பச்சை நிறத்தில், பக்கத்தில் ஒரு சரி அடையாளத்தோடு எவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் அந்தச் சொல். ஆயிரம் தடவையாவது நானே அதைப் போட்டிருக்கிறேன். யாருக்குத் தீர்ந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

கேட்டவர் பரிமளம். கண்டியில் ஒரு கண் கிளினிக்கின் பதிவுக் கவுண்டரில் இருக்கிறவர். கிளினிக்கின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் என்னை யாரும் ஒன்றும் செய்யப் போவதில்லை, அவருக்குத்தான் வேலை போகும்.

பரிமளத்துக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. கண்டி நகரத்து மகியாவையில் பிறந்து மகியாவையிலேயே இருக்கிறவர். அப்பா மாநகர சபையில் தண்ணீர் மானி பார்த்து எழுதும் வேலை செய்தவர். கணவர் லெட்சுமணன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையில் துணி அளந்து கொடுக்கிறார். ஒரே மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பரிமளம் உயர்தரப் பரீட்சை முடித்து, தட்டச்சும் பழகி, 2009 இல் கிளினிக்கில் சேர்ந்தார். அப்போது நோயாளர்களின் அட்டைகள் எல்லாம் ஓர் இரும்பு அலுமாரியில் இருந்தன. எந்த ஊர் ஆளின் அட்டை எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாராம். 2021 கடைசியில் கம்பியூட்டர் வந்தபோது, இந்த வயதில் இவர் எங்கே பழகப் போகிறார் என்று சிலர் முணுமுணுத்தார்கள். இரண்டு கிழமையில், பதினாலே நாளில், பழகிவிட்டார். கீபோர்டைப் பார்க்காமல் அடிப்பார். அடித்துக்கொண்டே வரிசையைக் குழப்புகிறவர்களுக்கு ஏச்சும் கொடுப்பார். அவருடைய ஏச்சு கிடைக்காத நோயாளர்கள், தங்களை அவர் கவனிக்கவில்லை என்று குறைப்படுவதும் உண்டு.

அந்தக் கம்பியூட்டரில் ஓடுவது ஒரு திறந்த மூல மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம். பல நாடுகளில் இருப்பவர்கள் சம்பளம் இல்லாமல் அதை எழுதுகிறார்கள். அதில் ஏதாவது பிழை இருந்தால், அதாவது வழு இருந்தால், எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலில் எழுதிப் போடலாம். ஒவ்வொரு வழுவுக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். தொண்டர்களில் யாராவது அதைத் திருத்தி, பச்சைச் சொல்லைப் போட்டு மூடுவார்கள். இலங்கைக்கு உரிய பகுதியைப் பார்க்கிற தொண்டர் நான். பெயர் விவேகானந்தன். யாழ்ப்பாணத்து ஆள், கல்யாணம் முடித்துக் கட்டுகஸ்தோட்டையில் பத்து வருடமாக இருக்கிறேன். பகலில் கம்பனி வேலை, மிச்ச நேரத்தில் இந்தத் தொண்டு. தொண்டு என்றாலும் உள்ளுக்குள் பெருமை இல்லாமல் இல்லை.

பரிமளத்திடம் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. கம்பியூட்டர் குழப்பும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒரு வரி எழுதுவார். ஒவ்வொரு வரிக்கும் நாலு கட்டம். முதலாவதில், பிழையைப் பட்டியலில் போட்ட நாள். இரண்டாவதில், அதை யார் என்றைக்கு மூடினார் என்பது. மூன்றாவதில், சரி செய்தாயிற்று என்று அவர்கள் சொன்ன நாள். நாலாவதில், கவுண்டரில் அது சரியாக வேலை செய்ததை அவர் தன் கண்ணால் பார்த்த நாள். இந்தக் கட்டங்கள் அவருடைய அப்பாவின் மானிப் புத்தகத்தில் இருந்து வந்தவை. பழுதான மானியை மாற்றியாயிற்று என்று ஒப்பீஸ் கடிதம் வந்த நாள் ஒரு கட்டத்திலும், புது மானியைச் சுவரில் பார்த்த நாள் அடுத்த கட்டத்திலும் இருக்குமாம். இரண்டுக்கும் இடையில் ஒரு வருடம் போன கதையும் உண்டாம்.

2022 மார்ச்சில், சத்திரசிகிச்சைக்குப் பெயர் பதிவதையும் கம்பியூட்டருக்கு மாற்றினார்கள். சாதாரணப் பதிவுக்கு அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் அடித்தால் போதும். பிறந்த திகதியை மென்பொருள் அந்த இலக்கத்தில் இருந்து தானே கணக்குப் போட்டு எடுத்துக்கொள்ளும். சத்திரசிகிச்சைக்கு அப்படியில்லை, பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதியையும் அடிக்க வேண்டும். இரண்டு திகதியும் ஒன்றாக இருந்தால்தான் அறுவைக்கு நாள் கொடுக்கும். இல்லாவிட்டால் 'ஆளடையாளம் பொருந்தவில்லை' என்று சிவப்பில் காட்டி, ஆளைத் தனிப் பட்டியலில் தள்ளிவிடும்.

முதல் கிழமையிலேயே சிவப்பு வந்தது. பலருக்கு மென்பொருள் போட்ட கணக்கு ஒருநாள் கூடுதலாக இருந்தது. பரிமளம் வழுப் பட்டியலைத் தேடிப் பிடித்து, ஆங்கிலத்தில் எழுத வராததால் தமிழிலேயே நாலு வரி எழுதிப் போட்டார். தமிழ் என்றபடியால் அது என்னிடம் வந்தது. எப்போது, எப்படிப் பிழை வருகிறது, படிப்படியாக எழுதுங்கள் என்று வழக்கமான கேள்வியைக் கேட்டேன். அவருடைய பதில் இது: "கண்டியில இருக்கிறோம். கவுண்டருக்கு வாங்க, காட்டுறோம்."

கட்டுகஸ்தோட்டையில் இருந்து கண்டிக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். சனங்கள் மரக்கறி வாங்கவே போய் வருகிற தூரம். நான் போகவில்லை. வேறு கண்டத்தில் இருக்கிறவனாவது போக முடியாது என்று சொல்லலாம், எனக்கு அந்தச் சாட்டும் கிடையாது. வீட்டில் இருந்தபடி என்னுடைய அடையாள அட்டை இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். நான் ஜனவரி ஒன்பதாம் திகதி பிறந்தவன். சரியாகத்தான் காட்டியது. பிறகு மனைவி கஜாலினியின் அட்டையை அடித்தேன். அவள் பிறந்தது 1984 இல். அதுவும் சரி. இரண்டுக்கு இரண்டு சரி, இதற்கு மேல் என்ன பரிசோதனை என்று நினைத்து, 'பிழையை மீண்டும் உண்டாக்க முடியவில்லை' என்று எழுதி மூடிவிட்டேன். மூடிவிட்டுத் தேநீர் குடித்ததும் நினைவிருக்கிறது.

ஜூனில் பரிமளம் மறுபடி எழுதினார். மூடிய வழுவின் இலக்கத்தை அதோடு இணைத்து, 'ஏற்கெனவே பதில் சொல்லப்பட்டது' என்று அதையும் மூடினேன். ஒக்டோபரில் மூன்றாவது தடவை எழுதினார். அதை நான் பார்க்கவே இல்லை. ஒரே மாதிரியான முறைப்பாடுகளைக் கண்டுபிடித்து மூடுவதற்கென்று ஒரு தானியங்கி வைத்திருக்கிறோம், அது மூடியது. எங்கள் வேலையைக் குறைக்க அப்படி ஓர் ஏற்பாடு. யாருடைய வேலை குறைந்தது என்பதை இனிச் சொல்கிறேன்.

பரிமளம் சும்மா இருக்கவில்லை. கவுண்டருக்கு முன்னால் கண் மங்கிய மனிதர்கள் நிற்கும்போது யார்தான் சும்மா இருப்பார்கள். சான்றிதழ்த் திகதியை ஒருநாள் கூட்டி அடித்தால் சிவப்புப் போய்விடும் என்று கண்டுபிடித்தார். ஏழெட்டு மாதம் அப்படியே அடித்து எல்லோரையும் அனுப்பினார். நவம்பரில் கணக்காய்வுக்கு வந்தவர்கள் சான்றிதழ்களை ஒப்பிட்டுப் பார்த்து, நாற்பத்தொரு பேரின் பிறந்த திகதி பிழை என்று எழுதிவிட்டுப் போனார்கள். பிழை மென்பொருளில் என்று பரிமளம் சொன்னதற்கு, அப்படி ஒரு பிழை இல்லையென்று அந்த மென்பொருள்காரர்களே எழுதி மூடியிருக்கிறார்களே என்று நிர்வாகி வீரசிங்கம் என்னுடைய பதிலை அச்செடுத்து அவருக்கு முன்னால் போட்டாராம். என்னுடைய பதிலை. பரிமளத்துக்கு எழுத்தில் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இன்னொரு கடிதம் என்றால் வேலை இல்லை. சிவப்பு வந்தவர்களில் யாரை விடுவது என்பது அதன் பிறகு வீரசிங்கத்தின் கையில்.

இதொன்றும் தெரியாமல் 2023 பெப்ரவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். என் மாமனாருக்குக் கண்ணில் புரை. அவர் நில அளவைத் திணைக்களத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அரை அங்குலம் பிசகினாலும் விடாதவர் என்று பெயர். பரிமளம் அவருடைய அட்டை இலக்கத்தையும் சான்றிதழ்த் திகதியையும் அடித்தார். சிவப்பு வந்தது. மே இருபதை, மென்பொருள் மே இருபத்தொன்று என்றது.

"என்ர பிறந்தநாள் எனக்குத் தெரியாதோ பிள்ளை?" என்றார் மாமா.

"ஐயா, உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தச் சனியனுக்குத்தான் தெரியல" என்றார் பரிமளம். சொல்லிக்கொண்டே மேசை லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்து ஒரு வரி எழுதத் தொடங்கினார்.

நான் எட்டிப் பார்த்தேன். முந்திய வரி ஒன்றின் இரண்டாவது கட்டத்தில் ஆங்கில எழுத்தில் 'விவேக் கண்டி' என்று இருந்தது. பட்டியலில் நான் வைத்திருக்கும் பெயர். அதற்குக் கீழேயும் அதே பெயர். யார் இது என்று தெரியாதவனைப் போலக் கேட்டேன்.

"அது ஒரு ஆளு தம்பி. பேருல கண்டின்னு போட்டுக்கிட்டு எந்த லோகத்துல இருக்காரோ தெரியல. கவுண்டருக்கு வாங்க, காட்டுறோம்னு எழுதுனேன். வரல்ல. மூடிட்டாரு."

நான் வாயைத் திறக்கும் முன் வீரசிங்கம் தன் அறையில் இருந்து வந்தார். யாழ்ப்பாணத்தவர், கழுத்துப் பட்டியும் கையில் பேனையுமாகத் திரிகிறவர். ஒருகாலத்தில் மாமாவின் திணைக்களத்தில் எழுதுநராக இருந்தவராம். மாமாவைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"சேர், நீங்களோ? வாறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்றபடி கவுண்டருக்கு உள்ளே வந்து குனிந்து, தன் கடவுச்சொல்லை அடித்தார். 'நிர்வாகி ஒப்புதல்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். சிவப்புப் போய், மாமாவுக்கு மார்ச் முதல் கிழமையில் நாள் வந்தது. எல்லாம் அரை நிமிடம்.

பரிமளம் நோயாளர்கள் உட்காரும் பக்கத்து வாங்கைக் காட்டினார். அங்கே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஒரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "சேர், அப்படியே இந்த அம்மாவுக்கும் போட்டுருங்க. அதே ஒருநாள் வித்தியாசந்தான். ஒரு மாசத்துக்குள்ள செய்யணும்னு டொக்டர் துண்டுல எழுதியிருக்காரு."

"அது வேற கேஸ்" என்றார் வீரசிங்கம். "தோட்டத்து ஆக்களின்ர பேப்பர் ஒண்டும் ஒழுங்கா இருக்கிறேல்லை. அடையாள அட்டை ஒப்பீசில இருந்து கடிதம் கொண்டு வரட்டும். உங்களுக்கு ஒருக்கா வோர்னிங் தந்தனான், மறந்திட்டியளோ?"

அந்தப் பெண் எழுந்து, "வாங்கிட்டு வர்றேங்க" என்றார். அவ்வளவுதான். கோபப்படக்கூட இல்லை.

அவருடைய பெயர் சிவபாக்கியம். ஹுன்னஸ்கிரியப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிற நோய். இரண்டு கண்ணிலும் இருந்தது, இடது கண்ணில் அதிகம். அந்த நோயில் போன பார்வை திரும்பி வராது, மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்றலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் நாள் கிடைக்கப் பிந்தும் என்று சொல்லி இங்கே அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிளாஸ்டிக் பைக்குள் சான்றிதழும் அட்டையும் மடிப்புக் கலையாமல் இருந்தன. மாமாவின் சான்றிதழ்தான் நாலாய் மடித்துக் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது. ஒழுங்கில்லாத பேப்பர் யாருடையது என்று நான் அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அரை அங்குலம் விடாத மாமாவும் கேட்கவில்லை. "நல்லது வீரசிங்கம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வழி விடும்போது அது சலுகையாகவே எங்களுக்குத் தெரிவதில்லை. வெட்கக்கேடு.

மாமாவை ஓட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். "அக்கா, அந்த விவேக் நான்தான்" என்றேன்.

பரிமளம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். எல்லோரையும் ஏசுகிறவர் என்னை ஏசவில்லை. பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டார். "அப்ப உக்காருங்க. காட்டுறேன்."

சிவபாக்கியத்தின் விபரத்தை அடித்துக் காட்டினார். சான்றிதழில் 1971 ஒகஸ்ட் பதினாலு. மென்பொருள் பதினைந்து என்றது. "மூணாவது தடவ எழுதுனதப் படிச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டுக்குப் போய்ப் படிங்க" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் படித்தேன். அப்படியே தருகிறேன். "ஜனவரி பெப்ரவரியில பிறந்தவங்களுக்குப் பிழை வரல. 72, 76, 80, 84 இந்த வருசத்து ஆட்களுக்கும் வரல. மத்த எல்லாருக்கும் ஒருநாள் கூடக் காட்டுது. பெப்ரவரியில என்னமோ இருக்கு, பாருங்க." அதற்குக் கீழே தானியங்கியின் மூன்று வரிப் பதில். இது முன்பே கேட்கப்பட்டுவிட்டது, உங்கள் பங்களிப்புக்கு நன்றி, இனிய நாளாகட்டும்.

எங்கள் பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு ஐந்நூறு கூட்டுவார்கள். இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா வருடமும் இருபத்தொன்பது நாள்தான். லீப் வருடமோ இல்லையோ அட்டைக்குக் கவலையில்லை. மென்பொருள் எழுதினவர்கள் உண்மையான நாட்காட்டியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டார்கள். மார்ச்சில் இருந்து எல்லாத் திகதியும் ஒருநாள் தள்ளிப் போயிற்று. நான் ஜனவரிக்காரன், கஜாலினி லீப் வருடக்காரி. நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆட்களுக்கு வருகிற பிழையை, வராத இரண்டே பேரை வைத்துச் சோதித்து, இல்லை என்று எழுதியிருக்கிறேன். சட்டைப் பையில் அந்த அட்டையோடு இருபது வருடத்துக்கு மேல் திரிகிற எனக்குத் தெரியாததை, பரிமளம் சீ.ஆர். கொப்பியில் வரி வரியாக எழுதிக் கண்டுபிடித்தார். நிரல் எழுதத் தெரியாதவர். வழுவைக் கண்டுபிடித்தவர் அவர், நான் வெறுமனே தட்டச்சு செய்தவன்.

திருத்தம் மூன்று வரி. அன்றைக்கே எழுதி அனுப்பினேன். இனி என்ன, முடிந்தது என்று நினைத்தேன்.

எங்கே முடிந்தது. திட்டத்தின் தலைவர் தூரதேசத்தில் இருக்கிறவர், மரியாதையான மனிதர். எல்லா வருடமும் பெப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள் என்பது விசித்திரமாக இருக்கிறது, இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டார். வீட்டார் ஐந்து பேரின் அட்டைகளைப் படமெடுத்துப் போட்டேன். தனிப்பட்ட விபரம் என்று உடனே அகற்றிவிட்டார்கள். சரியான காரியம்தான், ஆனால் ஒரு கிழமை போயிற்று. இன்னொருவர் நான் வைத்த ஒரு பெயர் நீளமாக இருக்கிறது என்றார். வேறொருவர் லீவில் போயிருந்தார். மார்ச் இருபத்தெட்டாம் திகதி என் மூன்று வரியை ஏற்றுக்கொண்டார்கள். அந்தக் கணமே பட்டியலில் பச்சைச் சொல் தானாக வந்தது. 'தீர்க்கப்பட்டது.' பதினொரு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

பரிமளத்துக்கு அழைத்துச் சொன்னேன். மூன்றாவது கட்டத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த நாள் அவர் அழைத்தார்.

"தம்பி, பச்சையாயிருச்சுன்னு சொன்னீங்க. இங்க இன்னமும் பதினஞ்சுதான் காட்டுது."

"புது வெளியீடு வரவேணும் அக்கா. மே மாதம் வரும்."

"மேயில வந்தா சரியாயிருமா?"

"அதுக்குப் பிறகு உங்கட சேர்வர் பார்க்கிற கம்பனி வந்து அதைப் போடவேணும்."

"அவங்க மூணு மாசத்துக்கு ஒருக்காத்தானே வருவாங்க" என்றார். பிறகு சொன்னார்: "அந்த அம்மா நேத்தும் வந்துட்டுப் போச்சு."

சிவபாக்கியம் அந்த மாதங்களில் ஏழு தடவை கண்டிக்கு வந்தார். ஹுன்னஸ்கிரியவில் பஸ் ஏறி, குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, கண் கூசுகிறது என்று சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு நடந்து வருவார். வருகிற நாளெல்லாம் தோட்டத்தில் பேர் விழாது, அதாவது அன்றைய வேலை இல்லை. கிராம சேவகரிடம் ஒரு கடிதம். பிரதேச செயலகத்தில் சிங்களப் படிவம், அதை நிரப்பித் தர ஒரு ஆள் தேட வேண்டும். அடையாள அட்டை ஒப்பீசில், உங்கள் அட்டையில் எந்தப் பிழையும் இல்லை, இல்லாத பிழைக்கு எப்படிக் கடிதம் தருவது என்று திருப்பி அனுப்பினார்கள். உண்மைதானே, அட்டையில் பிழை இல்லை. பிழை எங்களிடம் இருந்தது, பஸ் ஏறியது அவர்.

நான் வீரசிங்கத்திடம் போனேன். பிழை எங்கே என்று தாளில் எழுதிக் காட்டினேன். கவனமாக வாசித்தார். "உங்கட விளக்கம் எனக்கு விளங்குது தம்பி. ஆனா எனக்கு கம்பனியின்ர கடிதத் தலைப்பில வரவேணும்" என்றார். கம்பனியிடம் கேட்டேன். வெளியீடு வராத திருத்தத்துக்குக் கடிதம் தர முடியாதாம். மாமாவுக்குப் பொத்தானை அழுத்தியபோது கடிதத் தலைப்பு எங்கே போயிருந்தது என்று திரும்பிப் போய்க் கேட்டேன். வீரசிங்கம் பேனையை மூடி மேசையில் வைத்துவிட்டு, தனக்குக் கூட்டம் இருக்கிறது என்றார். ஒரு பொத்தான். அழுத்த அரை நிமிடம். அந்த விரலுக்குக் கடிதத் தலைப்பு வேண்டுமாம்.

பரிமளம் ஒருநாள் தொலைபேசியில் சொன்னார். "பதினாலைப் பதினஞ்சுன்னு அடிச்சா முடிஞ்சுது தம்பி. நேத்து வெரல் கீபோர்டுல அஞ்சு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துச்சு. ரெண்டாவது கடிதம் வந்தா மகள் படிப்பு நின்னுரும். நாற்பத்தொரு பேருக்கு அடிச்சேன். இந்த அம்மாவுக்கு அடிக்கல்ல." அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஜூன் பத்தொன்பதாம் திகதி கம்பனிக்காரர்கள் வந்து புது வெளியீட்டைப் போட்டார்கள். அன்று மத்தியானமே பரிமளம் சிவபாக்கியத்தின் இலக்கத்தை அடித்தார். ஒகஸ்ட் பதினாலு என்று வந்தது. இருபத்தோராம் திகதி அறுவை நடந்தது. ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டியது நாலு மாதம் கழித்து நடந்தது.

ஜூலையில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் திருத்தங்களுக்கு நன்றி சொல்லும் பகுதியில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். பரிமளத்தின் பெயர் இல்லை. அவர் மூன்று தடவை எழுதியதற்கு 'பாவனையாளர் ஒருவர்' என்று இருந்தது. அதைத் திருத்தச் சொல்லி எழுதி, அவர் பெயரைப் போட வைத்து, அச்செடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். பெரிய மனுஷன் வேலை செய்துவிட்டதாக ஒரு நினைப்பு எனக்கு.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "நல்லம்" என்று கொப்பிக்கு அடியில் வைத்தார். அன்றைக்குச் சிவபாக்கியமும் வந்திருந்தார், பார்வையைச் சோதிக்க. வாங்கில் இடது பக்கம் நான் போய் உட்கார்ந்தது அவருக்குத் தெரியவில்லை. முழுத் தலையையும் திருப்பித்தான் என்னைப் பார்த்தார். இடது கண்ணில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். வலது கண் தப்பியது.

"அம்மா, கம்பியூட்டரைச் சரி பண்ணுனது இவருதான்" என்றார் பரிமளம்.

சிவபாக்கியம் இரண்டு கையையும் கூப்பினார். "ஒரு கண்ணாச்சும் இருக்குதுங்களே. கொழுந்து எடுக்க இது போதுங்க" என்றார்.

போதுமாம். யார் அவருக்கு இந்தச் சொல்லைப் பழக்கியது என்று எனக்குக் கேட்க வேண்டும்போல் இருந்தது. எழும்பி ஓடிவிடலாம்போலவும் இருந்தது.

"அம்மா, இவரையெல்லாம் கும்பிடாதீங்க" என்றார் பரிமளம். "இவரு ஒரு வருசத்துக்கு முந்தியே கட்டுகஸ்தோட்டையில பஸ் ஏறியிருக்கணும்."

ஐந்து மாதமாக நான் காத்திருந்த ஏச்சு அதுதான். அதைச் சொல்லிவிட்டு அவர் கொப்பியை எடுத்தார். சிவபாக்கியத்தின் வரியில் நாலாவது கட்டம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. வெளியீடு போட்ட அன்றே அவர் அதை நிரப்பியிருக்கலாம், நிரப்பாமல் வைத்திருந்தார். இப்போது பேனையை எடுத்து, 'வலது: ஜூன் 21' என்று எழுதினார். அதற்குக் கீழே 'இடது' என்று எழுதி, இரண்டு புள்ளி வைத்து, மேலே எழுதாமல் விட்டார்.

"இத உங்க லிஸ்ட்ல எப்படித் தம்பி போடுவீங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டிக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தீர்க்கப்பட்டது என்று மூடிய அந்த வழுவைத் திரும்பத் திறந்தேன். அறுபது நாளாக யாரும் ஒன்றும் எழுதவில்லை என்று தானியங்கி வந்து மூடியது. மறுபடி திறந்தேன். இப்படி எத்தனையோ தடவை ஆகிவிட்டது. நிரல் சரியாகத்தானே இருக்கிறது, இன்னும் எதில் பிழை, எப்படி மீண்டும் உண்டாக்குவது என்று திட்டத்தின் தலைவர் மரியாதையாகக் கேட்டிருந்தார். பரிமளம் முதன்முதலில் எனக்கு எழுதிய பதிலைத் தமிழிலேயே எடுத்து அவருக்குப் போட்டேன்.

"கண்டியில இருக்கிறோம். கவுண்டருக்கு வாங்க, காட்டுறோம்."

இன்னும் யாரும் வரவில்லை.